கால்நடையாய்க் கதிர்காமம்

தைப்பூசத்திற்கு முதல் நாள் விடியற்காலையில் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி இரதம் தண்ணீர்மலை அடிவாரத்தை அடைய ஒரு பகல் முழுவதும் ஆகிவிடும். 2017ஆம் ஆண்டு முதல் தங்க இரதமும் ஓடுகிறது. பினாங்கில் படித்த தமிழ் மாணவர்களுள் பலர் அந்த வழியை ஒரு முறையாவது நடந்திருப்பர். அல்லது வழியோரத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் நின்று மோரும் சிராப்பும் ஊற்றிக் கொடுத்திருப்பர். பந்தலில் நின்றவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நடந்து வருபவர் கையில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஒரு புட்டித் தண்ணீர்கூட இருக்காது. வழியில் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. கிடைக்கவும் செய்கிறது.

இந்த ஏற்பாடு ஒரு பகலுக்குத் தாங்குகிறது. ஐம்பது நாளுக்குத் தாங்குமா? நடப்பவர் எங்கே உறங்குவார், யார் சமைப்பார், நோயுற்றால் யார் பார்ப்பார், நடுவழியில் மனம் சலித்தால் யார் தேற்றுவார்?

அப்படியொரு நடை இன்றும் உண்டு. இலங்கையின் வடமுனையில், யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தொண்டைமானாற்றில் உள்ள செல்வச் சந்நிதி முருகன் கோயிலிலிருந்து, தீவின் தென்கிழக்கிலுள்ள கதிர்காமம் வரை, கிழக்குக் கரையை ஒட்டியே செல்லும் பாதயாத்திரை அது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. வைகாசி வாக்கில் புறப்படுவோர் ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ நடைபெறும் கதிர்காமக் கொடியேற்றத்திற்குள் போய்ச் சேர வேண்டும். முருக பக்தியைப் பற்றி எழுத நம்மிடையே பலர் இருக்கின்றனர். இக்கட்டுரையில் நான் பார்க்க விரும்புவது வேறு: அந்த ஐம்பது நாளில் ஒரு கூட்டம் எப்படி வாழ்கிறது, அதை யார் தாங்குகிறார்கள் என்பதே.

வழி எது?

புறப்படும் இடமே பொருள் பொதிந்தது. செல்வச் சந்நிதியை மக்கள் ‘அன்னதானக் கந்தன்’ என்பர். அங்குள்ள மடங்களில் சோறு போடுவது அவ்வளவு பெயர் பெற்றது. ‘சின்னக் கதிர்காமம்’ என்ற பெயரும் அதற்கு உண்டு. கதிர்காமத்தைப் போலவே அங்கும் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமின்றி மௌனமாகப் பூசை செய்கிறார். ஆக, நடை தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒன்றுக்கொன்று உறவு கொண்டவை.

அங்கிருந்து முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். பிறகு திருகோணமலையில் கோணேசுவரம். அதற்குத் தெற்கே, மகாவலி கங்கையின் கிளையாறு ஒன்றின் கரையில் வெருகல் சித்திர வேலாயுதர் கோயில். மட்டக்களப்பில் மாமாங்கேசுவரர். பிறகு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம், மண்டூர் முருகன் கோயில். அதன்பின் திருக்கோவில், பொத்துவில், கடைசியாகக் கடலோரப் பாறைமேல் உகந்தை முருகன். உகந்தையோடு ஊர்கள் முடிந்து காடு தொடங்குகிறது.

நடப்பதற்கென்று தனியாக வெட்டி வைத்த பாதை ஏதும் கிடையாது. தார்ச்சாலை, வயல் வரப்பு, கடற்கரை மணல் எல்லாமே வழிதான். நெடுவழி நடை என்றதும் உலகம் முதலில் நினைப்பது அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை. பெண்டன் மெக்கே என்பவர் 1921இல் முன்மொழிய, 1937இல் முழுமை பெற்ற பாதை அது. ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மேய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலை வரை, 14 மாநிலங்களைக் கடந்து, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அங்கே வழிநெடுகிலும் மரங்களில் வெள்ளைக் கோடு தீட்டியிருப்பார்கள்; இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட மரக்கொட்டகைகள் உண்டு. கதிர்காம வழியில் கோடும் இல்லை, கொட்டகையும் இல்லை. ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயில் என்று பிடித்துக்கொண்டே போவதுதான் வழி. கோயில் என்றால் கிணறு உண்டு, மண்டபம் உண்டு, நிழல் தரும் மரம் உண்டு, பக்கத்தில் ஓர் ஊர் உண்டு. நடப்பவருக்கு வேண்டியவை இவ்வளவே.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

ஐந்நூறு கிலோமீட்டரை ஐம்பது நாளால் வகுத்தால் நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர். அப்பலாச்சியன் பாதையை முழுதாக நடப்பவர் 3,500 கிலோமீட்டரை ஐந்து முதல் ஏழு மாதத்தில் முடிப்பார். மலை ஏறி இறங்கியும் நாளுக்குச் சராசரியாக ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நடந்துவிடுவார். நம்மவர் சமதரையில் அதில் பாதிதான் நடக்கிறார்கள். ஏன்?

வெயில் ஒரு காரணம். கிழக்கிலங்கையில் அந்த மாதங்களில் மழை அரிது. தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று உதட்டை வெடிக்க வைக்கும். செருப்பின்றி நடப்போருக்குப் பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை அடுப்பாகிவிடும். ஆகவே இருட்டோடு எழுந்து, கிணற்றடியில் குளித்து, வேலுக்குப் பூசை செய்து, விடியுமுன்பே புறப்பட்டுவிடுவர். வேல் தாங்குபவர் முன்னே செல்வார். வெயில் ஏறுமுன் அடுத்த கோயிலையோ நல்ல நிழலையோ அடைந்துவிட வேண்டும். நண்பகல் உணவு, உறக்கம். மாலையில் ஊரார் வந்து பேசியிருப்பார்கள். பின் பசனை, இராச்சாப்பாடு, மண்டபத் தரையில் துணி விரித்துப் படுக்கை.

மற்றொரு காரணம் கூட்டத்தின் இயல்பு. நெடுந்தொலைவு நடப்போர் என்றதும் இளைஞர் கூட்டத்தை எண்ணிவிட வேண்டாம். இதில் முதியோர் கணிசம். அவர்களில் பெண்கள் நிறைய. கால் வீங்கிய பாட்டி ஒருவர் இருந்தால் கூட்டத்தின் வேகம் அந்தப் பாட்டியின் வேகம்தான். வேலை முந்திக்கொண்டு எவரும் போவதில்லை என்பது மரபு. வேலோ பின்னால் வருபவர்களை விட்டுவிட்டுப் போகாது.

ஆனால் முக்கியமான காரணம் விருந்தோம்பல் என்றே நான் நினைக்கிறேன். ஓர் ஊர் சோறாக்கி வைத்துக் காத்திருக்கும்போது ‘எங்களுக்கு இன்று இன்னும் பத்துக் கிலோமீட்டர் பாக்கி’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. உட்கார வேண்டும், உண்ண வேண்டும், பேச வேண்டும். சில ஊர்களில் இரண்டு நாள் தங்க நேரும். கால் தாங்கும் தூரத்தைவிட ஊர்கள் விடும் தூரம் குறைவு என்பதால்தான் அந்தப் பத்துக் கிலோமீட்டர்.

இங்கே சுமையின் கணக்கையும் சொல்ல வேண்டும். அப்பலாச்சியன் நடையர் தம் முதுகுப்பையைக் கிராம் கணக்கில் நிறுப்பார்கள். எடை குறைக்கப் பல்துலக்கியின் காம்பை வெட்டுபவரும் உண்டு. கூடாரம், அடுப்பு, நான்கைந்து நாளுக்கான உணவு எல்லாம் அந்தப் பையில் போக வேண்டுமே. கதிர்காம நடையரின் மூட்டையில் இருப்பவை மாற்றுடை, விரிப்பு, தட்டு, குவளை, திருநீறு. கடையில் வாங்கிய எந்த நவீனப் பையும் அவ்வளவு இலேசாக இருக்காது. அரிசியும் கறியும் வழியிலுள்ள ஊர்களில் இருப்பதால் அவற்றைத் தூக்க வேண்டியதில்லை.

எல்லாரும் சாமி

அப்பலாச்சியன் பாதையில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. நடக்கத் தொடங்கிய சில நாளில் உடன் நடப்போர் ஒருவருக்குப் புதுப்பெயர் சூட்டிவிடுவார்கள். வழியில் செய்த கோமாளித்தனமோ, அணிந்த தொப்பியோ பெயருக்குக் காரணமாகும். மாதக்கணக்கில் ஒன்றாக நடந்தவர்களுக்கு ஒருவர் மற்றவரின் உண்மைப் பெயர் தெரியாமலே போவதுண்டு. ஆளுக்கொரு புதுப்பெயர் அங்கே. கதிர்காம வழியிலோ எல்லாருக்கும் ஒரே பெயர்: சாமி. ஆணும் சாமி, பெண்ணும் சாமி, வழியில் சேர்ந்த வெளிநாட்டவரும் சாமி. ‘சாமி, கொஞ்சம் தள்ளிப் படுங்கோ’, ‘சாமிக்கு இன்னும் சோறு போடுங்கோ’ என்று நாள் முழுதும் இதே விளிதான்.

அங்கே பெயர் ஒருவரைத் தனித்துக் காட்டுகிறது. இங்கே பெயர் ஒருவரை மறைக்கிறது. ஊர், தொழில், படிப்பு, சாதி இவற்றில் எதையும் ‘சாமி’ என்ற சொல்லிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஐம்பது நாளில் சாதி கரைந்து போகும் என்று எழுதிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி எழுதத் துணிவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பழைய பெயர்கள் திரும்பிவிடும். இருந்தாலும், ஒரே பந்தியில் அமர்ந்து, யார் சமைத்தார் என்று கேளாமல் உண்டு, ஒரே மண்டபத்தில் கால் நீட்டிப் படுக்கும் நாள்கள் ஒருவர் வாழ்வில் ஐம்பது வருகின்றன. தோட்டப்புறத்துக் கோயில் திருவிழாக்களின் பழைய கதைகளைப் பெற்றோரிடம் கேட்டவர்களுக்கு அந்த ஐம்பது நாளின் மதிப்புத் தெரியும்.

சச்சரவு வராதா? ஐம்பது நாள் ஒன்றாய் இருக்கும் எந்தக் கூட்டத்திலும் வரும். குறட்டைக்கும் வரும், குளிக்கும் முறைக்கும் வரும். வேல் தாங்கும் தலைவர் சொல்வது முடிவு. அது பிடிக்காதவர் சற்றுப் பின்தங்கி வேறு குழுவோடு நடக்கலாம். வழியில் ஒரு குழு மட்டுமா போகிறது!

மூத்தோர் நடையைப் பற்றி ஒரு சிறு செய்தி. 1955இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்க மூதாட்டி, 67ஆம் வயதில், தாமே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கான்வாஸ் சப்பாத்துடன் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். அதை முழுதும் தனியாக நடந்த முதல் பெண் அவரே என்று அந்நாட்டார் இன்றும் வியக்கின்றனர். கூடாரமும் உறங்குபையும் அவர் எடுத்துச் செல்லவில்லை. வழியோர வீடுகளின் கதவைத் தட்டி உணவும் படுக்கையும் கேட்டார். அவரை வற்றாப்பளைக் கோயில் மண்டபத்தில் கொண்டு வந்து உட்கார வைத்தால் எவரும் வேற்றாளாக நினைத்திருக்க மாட்டார்கள்.

தாகசாந்தி

நாம் தண்ணீர்ப் பந்தல் என்பதை இலங்கையில் ‘தாகசாந்தி’ என்பார்கள். அழகான சொல். நடை வருகிறது என்று தெரிந்ததும் சாலையோரம் தாகசாந்தி முளைத்துவிடும். மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு. கோயிலில் அன்னதானம்: சோறு, பருப்பு, மரக்கறி, மட்டக்களப்புப் பக்கம் என்றால் தயிர்.

இவற்றைக் கொடுப்பவர் யார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. முல்லைத்தீவும் கிழக்குக் கரையும் கால் நூற்றாண்டுப் போரைக் கண்டவை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்ததும் இதே கரையில்தான். முல்லைத்தீவு, கல்முனை, திருக்கோவில், பொத்துவில் என்று இவ்வழியின் நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னால் அது பேரலையில் மாண்டோர் ஊர்களின் பட்டியலும் ஆகும். ஓலைக் கொட்டிலில் இருந்து மீண்டும் வீடு கட்டியவர்கள், கட்டி முடிக்காதவர்கள், காணாமற்போன பிள்ளையை இன்னும் தேடுபவர்கள் அந்த ஊர்களில் உள்ளனர். நடந்து வருபவருக்கு ஒரு பானைச் சோறு ஆக்குவது அவர்களுக்கு எளிய செலவு அன்று.

பிறகு ஏன் செய்கிறார்கள்? புண்ணியம் என்பது ஒரு விடை. அதைவிட நடைமுறையான விடையும் உண்டு. கதிர்காமத்திற்குப் போக நேர்ந்துகொண்டு போக இயலாமல் இருப்பவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். நோயாளி, கைக்குழந்தைக்காரி, வயல் வேலையை விட முடியாதவர். அவர் ஒரு காசைத் துணியில் முடிந்து நடப்பவர் கையில் கொடுத்து, ‘எனக்காகவும் உண்டியலில் போட்டுவிடுங்கள், சாமி’ என்பார். அந்தக் காசோடு அவருடைய வேண்டுதலும் நடக்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே அந்த நடை ஊராருக்கும் சொந்தம். தம் வேலையாகப் போகிறவருக்குச் சோறு போடுவதைத் தருமம் என்று அவர்கள் கருதுவதில்லை.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையிலான கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். காத்தான்குடி, அக்கரைப்பற்று, பொத்துவில் போன்ற ஊர்களின் வழியாகத்தான் போயாக வேண்டும். போர்க்காலத்தில் இரு சமூகங்களுக்கும் இடையே ஆறாத காயங்கள் ஏற்பட்டன. அப்படிப்பட்ட கரையில், முஸ்லிம்கள் தாகசாந்தி கொடுக்க அடியார்கள் வாங்கிக் குடிப்பதும் உண்டு. கதிர்காமத்திலேயே முருகன் சந்நிதிக்கு அருகில் பள்ளிவாசல் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அங்கும் கொடி ஏறுகிறது. சிங்களக் கப்புராளைமார் திரைக்குப் பின்னால் பூசை செய்யும் கோயில் அது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், மகாமாரியம்மன் ஆலயம், கருணை தேவி ஆலயம் ஆகியவற்றை ஒரே நடையில் கடக்கும் நமக்கு இந்தப் படம் புதிதன்று.

காட்டு வழி

உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை ஐந்தாறு நாள். குமணை, யாலை ஆகிய தேசிய வனங்களின் ஊடாகச் செல்லும் பகுதி இது. வனவிலங்குத் துறை ஆண்டுக்குச் சில நாள் மட்டுமே நடப்போருக்குக் கதவு திறக்கும். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் எனத் தங்குமிடங்களுக்குப் பெயர் உண்டே தவிர ஊர் கிடையாது. யானை, கரடி, சிறுத்தை உண்டு. நீர் அரிது, பழைய நாளில் காய்ந்த ஆற்று மணலைத் தோண்டி ஊறும் நீரைத் துணியில் வடித்துக் குடித்தனர். மாணிக்க கங்கையில் இறங்கிக் குளிக்கும்போதுதான் வந்து சேர்ந்தோம் என்ற நிம்மதி.

இன்று இந்தக் காட்டு வழிக்குப் பெரும் பெயர் கிடைத்துவிட்டது. சந்நிதியில் புறப்படும் கூட்டம் சிறியது. வழியில் ஊருக்குச் சிலராகச் சேர்ந்து வளரும். உகந்தையிலோ ஆயிரக்கணக்கானோர் பேருந்திலும் வேனிலும் வந்து இறங்குகிறார்கள். இளைஞர்கள், குடும்பங்கள், வெளிநாட்டில் குடியேறி விடுமுறைக்கு வந்தவர்கள். தண்ணீர்த் தாங்கிகளும் உழவு இயந்திரங்களும் அவர்களுக்காகக் காட்டுக்குள் போகின்றன. வழியில் சேரும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கத் தொண்டர் குழுக்கள் தேவைப்படுகின்றன.

வருபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எல்லாராலும் ஐம்பது நாள் விடுப்பு எடுக்க முடியாது. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். காட்டில் ஊர் இல்லை; ஊர் இல்லாததால் விருந்தோம்புபவரும் இல்லை. எல்லாவற்றையும் சுமந்து வர வேண்டும், அல்லது வண்டியில் அனுப்ப வேண்டும். காட்டு ஐந்து நாளை மட்டும் நடப்பவர் யாருடைய வாசலிலும் ‘சாமி’ என்று கூப்பிடப்பட்டு உட்கார்ந்து உண்பதில்லை. யாருடைய காசு முடிச்சையும் வாங்கிக்கொள்வதில்லை. சந்நிதியிலிருந்து வருவோர் தொகை இன்னும் குறைந்து போனால், மண்டூரிலும் வெருகலிலும் பானை வைத்துக் காத்திருப்போருக்கு யாரும் வர மாட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டு யாரும் வராவிட்டால் பானையை வைப்பதும் நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டால், பிறகு மனமிருந்து நடக்க வருபவரும் சோற்றைச் சுமந்துகொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

அறுந்ததும் இணைந்ததும்

இந்தக் கவலை வெறும் கற்பனையன்று. இவ்வழி பலமுறை அறுந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி பரவியபோது ஆங்கிலேய அரசு கதிர்காம யாத்திரைக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளரான லெனர்ட் வூல்ஃப், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது இந்த யாத்திரையை மேற்பார்வையிட்டவர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கதிர்காமத்திற்கு மோட்டார்ச் சாலை வந்ததும் நடப்பவர் தொகை தானாகவே மெலிந்தது. 1983இல் வெடித்த வன்முறையும் தொடர்ந்த போரும் எஞ்சியிருந்ததையும் நிறுத்தின.

1988இல் நடை மீண்டும் தொடங்கியது. அதில் முன்னின்றவர்களில் பேட்ரிக் ஹரிகன் என்ற அமெரிக்கரும் ஒருவர். 1970களின் தொடக்கத்தில் பழைய அடியார்களோடு இவ்வழி நடந்து பழகியவர். வழியறிந்த முதியோர் அப்போது இன்னும் உயிரோடு இருந்தனர் என்பதுதான் முக்கியம். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட முடியாத போர் ஆண்டுகளில் கிழக்கிலிருந்தே புறப்பட்டார்கள். இராணுவச் சாவடிகளின் வழியே வேலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு முழு வழியும் மீண்டும் கைகூடியது.

எந்தக் கிணற்று நீர் உவர்ப்பு, எந்த ஊரில் யார் வீட்டில் கேட்கலாம், எந்த ஆற்றை எங்கே கடப்பது என்பவை இவ்வழியில் வாய்மொழியாகவே கைமாறி வந்துள்ளன. தமிழ் மாணவர்களுக்கு இது எங்கோ கேட்டதுபோல் இருக்க வேண்டும். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். ஒரு வழியில் போய் வந்தவன் எதிர்ப்படுபவனுக்கு வழி சொல்லும் இலக்கியம் அது. மலைபடுகடாத்தில் மலைவழியின் வழுக்குப் பாறை, பாம்புப் புற்று, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கை வருகிறது. கூடவே எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்ற செய்தியும் வருகிறது. தேர்வுக்காக மனனம் செய்தபோது அதைப் புலவர்களின் அலங்காரம் என்று எண்ணியவர்கள், கதிர்காம வழியில் ஒரு முதியவர் இளையவருக்கு வழி சொல்வதைக் கேட்டால் அந்த நூலைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். முருகனிடம் ஆற்றுப்படுத்துவதற்கென்றே ஒரு நூல் நமக்கு இருப்பதையும் சொல்லத் தேவையில்லை.

கொடிமலையும் நாமும்

நடப்பவரை வழியில் நிற்பவர் தாங்கும் வழக்கம் பினாங்கில் தைப்பூசத்தோடு முடிந்துவிடவில்லை. தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், செங்குத்தான ஏற்றம். வழியில் ‘84’ என்று எல்லாரும் சொல்லும் நிறுத்தத்தில் தொண்டர்கள் தேநீரும் காப்பியும் வைத்திருப்பார்கள். விலை கிடையாது; விரும்பினால் பெட்டியில் போடலாம். காலையில் அங்கே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சீன முதியவர்கள். ஒருவரை ஒருவர் பல ஆண்டாக அறிந்தவர்கள். மேலே, மலையுச்சியில் இருக்கும் அருளொளி திருமுருகன் ஆலயம், 1923இல் மலை ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன், துரைமார்களை டோலியில் சுமந்து ஏறிய நம்மவரும் சிப்பாய்களும் வழிபட்ட சிறு கோயிலாகத் தொடங்கியது என்பர். சுமந்து ஏறியவர்களுக்கு வழியில் தேநீர் கொடுத்தவர் யாரும் இருந்தார்களா என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

கதிர்காம வழியில் நடந்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் சில சொற்கள். ஒரு வாரம்தான் விடுப்பு என்றால் உகந்தைக்குப் போகாதீர்கள். கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் பேருந்து உண்டு. மாமாங்கேசுவரர் கோயிலில் நடை வரும் நாளை விசாரித்துக்கொண்டு அங்கே சேருங்கள். மண்டூர் வழியாகத் திருக்கோவில் வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்பதால் கொடிமலை ஏறியவர்களுக்கு உடல் ஒத்துழைக்கும். வேலுக்குப் பின்னால் நடங்கள். வழியில் கொடுப்பதை வாங்கி உண்ணுங்கள். பணம் நீட்டினால் மனம் நோகும், கோயில் உண்டியலில் போட்டுவிடலாம். யாராவது காசு முடிந்து கொடுத்தால், நீங்கள் திருக்கோவிலோடு திரும்புவதைச் சொல்லி, கதிர்காமம் வரை போகும் பாட்டி ஒருவரிடம் அதை ஒப்படையுங்கள். சொந்தத் தட்டும் குவளையும் கொண்டு போங்கள். பை இலேசாக இருக்கட்டும்.